கேளுங்கள், சொல்கிறோம்: தீவுக்குத் தீவு வேறு பால்

கேள்வி: குரோஷிய மொழியில் பக்கத்து ஊர்க்காரர் பேசினாலே வேறு மாதிரி ஒலிக்குமாமே? அவ்வளவு சின்ன நாட்டில் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

பதில்: சின்ன நாடுதான். ஆனால் 'என்ன' என்று கேட்கவே அங்கே மூன்று சொல் இருக்கிறது: ஷ்டோ, காய், ச்சா. மூன்று பெரிய வட்டார வழக்குகளுக்கும் பெயரே இதை வைத்துத்தான் - ஷ்டோகாவ்ஸ்கி, காய்காவ்ஸ்கி, ச்சாகாவ்ஸ்கி. பாடப்புத்தகமும் செய்தி வாசிப்பும் முதல் வகையை ஒட்டியவை. இவ்வளவு சுற்றுலாக் கையேட்டிலேயே கிடைத்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால்தான் சுவாரசியம்.

அட்ரியாட்டிக் கடலில் ப்ராச் என்றொரு தீவு. பெரும்பாலான ஊர்களில் ச்சா வழக்குதான், அதிலும் பழைய நெடில் 'ஆ' பல இடங்களில் 'ஓ' ஆகிவிடும். நகரம் என்று பொருள்படும் 'க்ராத்' அங்கே 'க்ரோத்'. 'எனக்குத் தெரியும்' என்பதற்கான 'ஸ்னாம்' அங்கே 'ஸ்னோன்': நடுவில் ஆ போய் ஓ வந்தது, கடைசி 'ம்' கூட 'ன்' ஆகிவிட்டது. இந்த 'ன்' மட்டும் டல்மேஷியா என்கிற அந்த அட்ரியாட்டிக் கரை நெடுக, வழக்கு எதுவானாலும், கேட்கும். சரி, அதே தீவின் கிழக்கு முனையில் இருக்கிற சுமார்த்தினுக்குப் போனால் ச்சா இல்லை, ஷ்டோ வகைப் பேச்சு. காரணம் எளிது: 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டோமான் படைகளுக்குப் பயந்து எதிர்க்கரை மகார்ஸ்கா பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. வரும்போது பேச்சையும் கொண்டு வந்துவிட்டார்கள்.

இன்னொரு ஜோடி, கோர்ச்சுலாவும் லாஸ்தோவோவும். இரண்டுமே ச்சா பேசும் மரபு உள்ள தீவுகள், அருகருகே. பாலுக்கு கோர்ச்சுலாவில் 'ம்லீக்கோ' என்பார்கள். அந்தச் சொல்லின் நடுவில் முன்பு 'யாத்' என்றொரு பழைய உயிரொலி இருந்தது; கோர்ச்சுலாவில் அது 'ஈ' ஆகிவிட்டது, லாஸ்தோவோவில் 'யெ' பக்கம் சாய்ந்திருக்கும். ச்சா வழக்கில் இது அபூர்வம். லாஸ்தோவோ 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 1808 வரை டுப்ரோவ்னிக் என்ற கடலோர நகரக் குடியரசின் கையில் இருந்தது, கோர்ச்சுலாவோ பல நூற்றாண்டு வெனிஸிடம். டுப்ரோவ்னிக்காரர் பேச்சிலும் அதே 'யெ'தான். ஆக, எத்தனை மைல் தள்ளி என்று பார்ப்பதைவிட யார் ஆண்டார்கள், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதுதான் உருப்படியான வழி.

கேள்வி: ச்சாவை 'த்ஸா' என்று சொல்லும் ஊர்களும் உண்டாமே, அது நாக்குப் பழக்கமா?

பதில்: உண்டு. ட்ரோகிர், கோமிஷா மாதிரி கடலோர ஊர்களில் 'ச்ச'வும் 'த்ஸ'வும் ஒன்றாகிவிட்டன, 'ஷ'வும் 'ஸ'வும் அப்படியே. 'த்ஸாகாவிஸம்' என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வெனிஸ்காரர்களோடு புழங்கியதன் பாதிப்பு என்று ஒரு கட்சி உண்டு. இது நகரத்துத் துறைமுகங்களில் அதிகம் கேட்பதால் எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

கேள்வி: அப்படியானால் தலைநகர் ஸாக்ரெப்காரருக்குத் தீவுப் பேச்சு புரியுமா?

பதில்: மெதுவாகப் பேசினால் ஓரளவு. அழுத்தம்தான் முதலில் குழப்பும். தண்ணீருக்கான 'வோதா'வில் பாடப்புத்தக மொழி முதல் அசையை அழுத்தும், ச்சா ஊர்களில் பல இடத்தில் கடைசி அசை. ஆனால் தீவுக்காரரை மட்டும் சொல்லக்கூடாது. ஸாக்ரெப்புக்கு வடக்கே பெத்னியா என்ற இடத்தில் உயிரெழுத்துகள் ஏகத்துக்கும் உருமாறியிருக்கும். காய் வழக்கே பேசும் அக்கம்பக்கத்தாரும் திணறுவார்கள். அந்த ஊர்ப் பேச்சையே பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அரசாங்கம் பதிவுசெய்து வைத்திருக்கிறது.