எண்பதா, அறுபதா: மர ஒப்பீட்டில் எதை நம்புவது?

பழைய காப்பகத்தின் கோப்புறை மரத்தையும் புதியதன் மரத்தையும் ஒப்பிட்டபோது ஒரு மென்பொருள் 80 சதவீத ஒற்றுமை என்றும் மற்றொன்று 60 சதவீதம் என்றும் காட்டியதாகவும், எதை நம்பிப் பழையதை அழிப்பது என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டையும் நம்பி எதையும் அழிக்க வேண்டாம். ஆயினும் இரண்டுமே சரியாகக் கணக்கிட்டிருக்கக்கூடும்.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அளப்பது திருத்தத் தொலைவு. மரத்தில் உள்ள ஒவ்வொரு கோப்புறையும் கோப்பும் ஒரு கணு; ஒரு மரத்தை மற்றொன்றாக மாற்றக் குறைந்தது எத்தனை கணுக்களை நீக்கவும், சேர்க்கவும், பெயர் மாற்றவும் வேண்டும் என்பதே அது. இரு மரங்களிலும் தலா 100 கணுக்கள் இருந்து தொலைவு 40 என வந்தால், மொத்தக் கணுக்களான 200ஆல் வகுப்பவர் வேற்றுமை 20 சதவீதம், எனவே ஒற்றுமை 80 சதவீதம் என்பார்; ஒரு மரத்தின் 100ஆல் வகுப்பவர் வேற்றுமை 40, ஒற்றுமை 60 சதவீதம் என்பார். விற்பவர் எந்த வகுத்தலைக் காட்டுவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘90 சதவீதம் ஒத்திருந்தால் ஏற்கலாம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, எதால் வகுப்பது என்பதை எழுதாத நிர்வாகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் கோப்புறைகளில் வரிசைக்குப் பொருள் இல்லை என்பதால் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாங், ஷாஷா என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் திருத்தத் தொலைவைக் கணக்கிட 1989இல் வெளியிட்ட புகழ்பெற்ற வழிமுறை, பிள்ளைக் கணுக்களின், அதாவது ஒரு கோப்புறைக்கு நேர்கீழே உள்ளவற்றின், இடவல வரிசையையும் கணக்கில் கொள்கிறது. ஒரு வேரின், அதாவது உச்சிக் கோப்புறையின், கீழ் ‘வரவு’, ‘செலவு’ என்ற இரண்டும் இடம் மாறினாலே தொலைவு 2 ஆகிவிடும். வரிசையை முற்றிலும் புறக்கணித்துத் துல்லியமான விடை காண்பது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1992இலேயே நிறுவப்பட்டுவிட்டதால், பெரிய மரங்களுக்கும் அதை நொடியில் துல்லியமாகச் செய்வதாக யாராவது சொன்னால் ஐயப்படுங்கள். அவர்கள் பெரும்பாலும் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டுப் பழைய வழிமுறையையே ஓட்டுகிறார்கள். அது பல நேரங்களில் போதும்; ஆனால் ‘ஆவணம்’ என்பது ‘பதிவு’ என மாறியிருந்தால், அக்கோப்புறை முதலிடத்திலிருந்து பின்னுக்குப் போய், தன் கீழுள்ள கணுக்களையும் இழுத்துச் சென்று தொலைவைப் பெருக்கிவிடும்.

சதவீதத்தை விட்டுவிட்டு, எந்தக் கணு எதனோடு பொருத்தப்பட்டது, எவை பொருந்தாமல் நின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் பெயர்களே ஒப்பிடப்பட்டிருக்கும் என்பதால், பொருந்திய கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தனியே சரிபார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.