கேள்வி – பதில்: காங்கோவின் ஆறும் கனிமமும்

கேள்வி: நீரளவில் அமேசானுக்கு அடுத்தபடியான ஆறு காங்கோ. அப்படியிருந்தும் அதன் கரையிலுள்ள கின்ஷாசாவுக்குக் கடற்கப்பல்கள் வருவதில்லையாமே, ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: காங்கோ ஜனநாயகக் குடியரசின் நிலத்தை ஒரு தாம்பாளமாக எண்ணிக்கொள்ளுங்கள்: நடுவே காடடர்ந்த தாழ்நிலம், சுற்றிலும் உயர்ந்த விளிம்பு. நடுவே திரளும் நீரெல்லாம் மேற்கு விளிம்பை அறுத்துக்கொண்டுதான் அட்லாண்டிக் கடலுக்குப் போயாக வேண்டும். அவ்வாறு அறுத்துச் செல்லும் வழியில், கின்ஷாசாவுக்குக் கீழே மட்டாடி வரையிலான சுமார் 350 கிலோமீட்டரில், ஆறு ஏறத்தாழ 270 மீட்டர் இறங்குகிறது. லிவிங்ஸ்டன் அருவிகள் எனப்படும் அந்தப் பாறைச்சரிவில் கப்பல் ஏற முடியாது என்பதால், மட்டாடியில் சரக்கை இறக்கி, 1898இல் போட்டு முடிக்கப்பட்ட இருப்புப்பாதை வழியே மேலே அனுப்பினார்கள். கின்ஷாசாவைத் தாண்டிவிட்டாலோ, கிசங்கானி வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டருக்குத் தடையின்றிப் படகு விடலாம்.

கேள்வி: மின்கலங்களுக்கு வேண்டிய கோபால்ட் அந்த ஒரே நாட்டில் குவிந்து கிடப்பது எப்படி?
– வாசகர், ஓசூர்

பதில்: நாடு முழுவதும் குவிந்து கிடக்கவில்லை, தென்கிழக்கு விளிம்பான கட்டங்காப் பகுதியில்தான் கிடைக்கிறது. ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமற்ற நீர்நிலைகளில் படிந்த அடுக்குகளினூடே உப்பு மிகுந்த நிலத்தடி நீர் ஊடுருவித் தாமிரத்தையும் கோபால்ட்டையும் கரைத்துக் கொணர்ந்து, கரிமம் செறிந்த களிப்பாறைகளை எட்டியபோது அங்கேயே விட்டுச் சென்றது. பிற்காலத்தில் மழையும் வெயிலும் மேல்மட்டப் பாறையைச் சிதைத்ததால், தாமிரம் பச்சை நிற மலக்கைட்டாகவும், கோபால்ட் கறுப்பு நிற ஹெட்டரோஜெனைட்டாகவும் தரைக்கு அருகிலேயே கிடைக்கின்றன. அப்பகுதியின் சுரங்க நகரமான கோல்வேசியில் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டே பலர் தோண்டி எடுக்க முடிவது இதனால்தான். தாமிரம் மிகுந்த மண்ணில் மரங்கள் வேர்பிடிப்பதில்லை. காட்டுக்கு நடுவே மொட்டையாக நிற்கும் குன்றையும், அதில் பூக்கும் 'செம்புப் பூ' என்ற சிறு செடியையும் பார்த்தே கனிமம் தேடியவர்கள் இடத்தைக் கண்டுகொண்டார்கள். இன்று உலகில் ஆண்டுதோறும் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்நாட்டினுடையது. ஆனால் அதன் பெரும்பகுதி சீனாவில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. மதிப்புக் கூடுவது அந்தக் கட்டத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: இங்கா அருவியின் மின்வளம் மிகப் பெரியது என்று சொல்லப்படுவது மிகையா?
– வாசகர், ஈரோடு

பதில்: மிகையில்லை. மேலே சொன்ன லிவிங்ஸ்டன் அருவிகளைச் சேர்ந்ததே இங்கா. காங்கோ ஆற்றின் வடிநிலம் பூமத்திய ரேகைக்கு இருபுறமும் விரிந்திருப்பதால், ஒருபுறம் மழை ஓயும்போது மறுபுறம் பெய்கிறது. கோடையில் வற்றும் ஆறுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பொறாமையூட்டும் செய்திதான். நொடிக்குச் சராசரியாக 40,000 கனமீட்டர் நீர் ஓடும் அந்த இடத்தில் 40,000 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கலாம் என்பது மதிப்பீடு. 1972லும் 1982லும் இயங்கத் தொடங்கிய இரு நிலையங்களின் நிறுவுதிறனோ மொத்தம் 1,775 மெகாவாட்தான். அந்த மின்சாரமும் யாருக்காக என்பதை, இங்காவிலிருந்து கட்டங்காச் சுரங்கங்களுக்காகக் கோல்வேசி வரை சுமார் 1,700 கிலோமீட்டர் இழுக்கப்பட்ட நேர்மின் (DC) தடமே காட்டிவிடுகிறது. அவ்வகைத் தடத்தில் நடுவழியில் மின்சாரம் இறக்கப் பெருஞ்செலவில் மாற்று நிலையங்கள் கட்ட வேண்டும். அவை கட்டப்படாததால், கம்பி கடந்து செல்லும் ஊர்கள் பலவும் மின்சாரமின்றியே இருந்து வந்திருக்கின்றன.