பொதுத் தண்ணீர், தனிக் கணக்கு

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். போர்வெல் வற்றிப்போய் டேங்கர்தான் கதி. ஏரி போச்சு, மரம் போச்சு என்று வாட்ஸ்அப்பில் உருகுகிறவர்களே காலையில் ஹோஸ் பிடித்து கார் கழுவுகிறார்கள். படித்தவர்களுக்கு ஏன் உறைப்பதில்லை?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: உறைக்காமல் இல்லை, பையைக் கடிக்கவில்லை. 12,000 லிட்டர் டேங்கர் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹோஸில் 200 லிட்டர் போனால் 20 ரூபாய். அது மெயின்டனன்ஸில் 40 வீட்டுக்கும் பிரிந்துவிடுவதால், கழுவியவர் தலையில் விழுவது 50 காசு. வாளியில் கழுவி மிச்சம் பிடிப்பவருக்கும் லாபம் அதிகம் போனால் 50 காசுதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. பேஸ்மென்ட்டுக்குள் வந்து பார்க்க ஆள் ஏது?

பொது மேய்ச்சல் நிலத்தை வைத்து அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-ல் போட்ட கணக்கும் இதுவே: லாபம் ஒருவருக்கு, நஷ்டம் எல்லாருக்கும். அளந்து, தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டு, கண்காணிக்கவும் செய்கிற ஊர்களில் பொதுச் சொத்து அழிவதில்லை என்று காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரோம் (2009 பொருளாதார நோபல்). ஆகவே நோட்டீஸ் ஒட்டுவதை விட்டுவிட்டு மீட்டர் வையுங்கள்.

வீட்டுக்கு ஒன்று என்று கொட்டேஷன் வாங்கிவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்கும். ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர்கூடத் தேவைப்படலாம். ஒரு குழாயை விட்டுவிட்டால் புழக்கமெல்லாம் அந்தக் குழாய்க்கு மாறிவிடும். தண்ணீரோடு வரும் மணல் மீட்டரின் சக்கரத்தில் சிக்கும். முன்னால் மணலைத் தடுக்கும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கட்டாயம். தொட்டி காலியாகி மறுபடி தண்ணீர் வரும்போது குழாயிலுள்ள காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும், சண்டை அங்கேதான் ஆரம்பம். தொட்டியை அடிவரை வற்ற விடாதீர்கள்.

முதல் மூன்று மாதம் பணம் கேட்காமல் ரீடிங்கை மட்டும் போர்டில் ஒட்டுங்கள். பிறகு தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வரை அடக்க விலை, அதற்கு மேல் இரட்டிப்பு. வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் ஆறு பேர் உள்ள குடும்பம் நியாயமாகவே சண்டைக்கு வரும்.

கேள்வி: சங்கம் செலவழித்து ஏரேட்டர் (குழாய் நுனியில் மாட்டி, காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் சிறு வலை) போட்டது. பாதிப் பேர் கழற்றிவிட்டார்கள்!
– வாசகர், அல்சூர்

பதில்: போர்வெல் தண்ணீரின் உப்பு வலையில் படிந்து அடைக்கும். கழற்றி, இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வாளி நிரப்பும் குழாயில் போடவே போடாதீர்கள். வாளி எப்படியும் அதே அளவுதான் பிடிக்கும், நேரம்தான் வீண். அந்தக் கடுப்பில் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். வாஷ்பேசினுக்கும் சமையலறை சிங்க்குக்கும் மட்டும் போடுங்கள்.