கூரையில் சோலார் போடப் போகிறீர்களா? கேளுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் கூரையில் 2017இல் பனல் ஏறியது. மின்வேலைதான் தொழில், அதனால் அதற்குப் பிறகு அயலவர், சொந்தக்காரர் என்று பல கூரைகளில் ஏறி இறங்கிவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எங்களுக்கு மாதம் 300 யூனிற் போகிறது. கொம்பனிக்காரர் 10 கிலோவாற் போடச் சொல்கிறார், மிச்சத்தை விற்கலாமாம். (தெஹிவளை)

வேண்டாம் தம்பி. கொழும்பு வெயிலுக்கு ஒரு கிலோவாற் மாதம் ஏறக்குறைய 115 யூனிற் தரும். உங்களுக்கு 3 கிலோவாற் போதும், ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் 4. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசாங்கத்தின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது விற்கும் யூனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2025இல் புதிதாகச் சேருபவர்களுக்கு 5 கிலோவாற் வரை 20.90, அதற்கு மேல் போகப் போக இன்னும் குறைவு. அன்றைய 22 ரூபாவுக்குக் கிட்டத்தட்ட சரிதானே என்று தோன்றும். ஆனால் அப்போது டொலர் 150ஐத் தொடவில்லை, 2025இல் 300 பக்கம் நின்றது, பனலும், அதன் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வேர்ட்டரும் டொலரில்தான் வருகின்றன. உண்மையான லாபம், 180 யூனிற்றுக்கு மேல் வரும் அந்த உச்சக் கட்டணத்தை நீங்கள் கட்டாமல் விடுவதில்தான் இருக்கிறது. வீட்டுத் தேவைக்கு அளவாகப் போடுங்கள்.

நெற் மீற்றரிங், நெற் அக்கவுண்டிங், என்ன வித்தியாசம்?

இரண்டிலும் நீங்கள் அனுப்பிய யூனிற்றும் எடுத்த யூனிற்றும் கழிபடும். மிஞ்சினால் முதலாவதில் அடுத்த மாதக் கணக்கில் சேரும், இரண்டாவதில் காசாக வரும். நெற் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் விற்பனைக்குத்தான், உங்கள் பில் தனியாக வரும்.

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது பக்கத்து வீட்டில் பனல் இருந்தும் இருட்டாகவே கிடந்தது. ஏன்?

லைன் செத்தால் சாதாரண இன்வேர்ட்டரும் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவரின் கைக்கு உங்கள் கூரைக் கரண்ட் போகும். வெட்டும் நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும்.

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு மாலை 3 மணி வரை சோலாரை நிறுத்தச் சொன்னார்கள் மின்சார சபைக்காரர். போடச் சொன்னதும் அவர்கள்தானே?

கோபம் நியாயம்தான் அக்கா, எனக்கும் வந்தது. ஆனால் காரணம் உண்மை. விடுமுறையில் அலுவலகம், ஆலை எல்லாம் பூட்டு, நடுப்பகல் வெயிலில் கூரைகள் எல்லாம் சேர்ந்து தள்ளும் கரண்ட்டை வாங்க ஆளில்லை. அதே வருடம் பெப்ரவரி 9 ஞாயிறு பாணந்துறை உபமின்நிலையத்தில் கோளாறு வந்தபோது சோலார் கூடியிருந்து, மின்நிலையங்களின் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் அந்த அடியைத் தாங்க முடியாமல் நாடே இருண்டது. இதனால்தான் சலுகை இப்போது இரவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. பகலில் பற்றரியில் சேர்த்து மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் அனுப்பினால் யூனிற்றுக்கு 45.80 என்று 2025இல் அறிவித்தார்கள். பற்றரி விலை கையைக் கடிக்கும், ஆனாலும் புதிதாகப் போடுகிறவர்கள் பின்னால் பற்றரி சேர்க்கக்கூடிய இன்வேர்ட்டரையாவது இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கடற்கரைக்குக் கிட்ட வீடு, அஸ்பெஸ்ரஸ் கூரை. கவனிக்க வேண்டியது?

எங்கள் வீட்டில் முதலில் பூட்டியவர்கள் சாதாரண இரும்பு போல்ற் போட்டார்கள். மூன்றாம் வருடம் ஏறிப் பார்த்தேன், தலை முழுக்கச் செங்கபில நிறமாகப் பொருமி, ஸ்பானர் வைத்தால் உதிர்ந்தது. அலுமினியச் சட்டம், கறள் பிடிக்காத எவர்சில்வர் போல்ற், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அஸ்பெஸ்ரஸைத் துளைத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. முடிந்தால் முதலில் கூரையை மாற்றுங்கள். அப்புறம் காகம். அதன் எச்சம் ஒரு மூலையில் காய்ந்து கிடந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி விழும், விடியக்காலையில் பனல் குளிர்ந்திருக்கும்போது வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

முற்பணம் இப்போதே கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமரில் இடமிருக்கிறதா என்று உங்கள் பகுதிக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனம் பார்த்துத்தான் அனுமதி தரும், நுகேகொடை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே பக்கம் என்றால் அது லெக்கோ என்ற மின்சாரக் கொம்பனி. அந்த அனுமதிக் கடிதம் கைக்கு வரட்டும், பிறகு கட்டுங்கள்.