காங்கிரஸ் உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் மனு: உங்கள் 25 டாலர் யாருக்குப் போகிறது?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். நான் குடியுரிமை பெற்றவன். நவம்பர் தேர்தல்களில் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவன். கடனைக் குறைப்பேன் என்று சொல்லி வென்ற எங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர், 2024 மார்ச்சில் 1.2 டிரில்லியன் டாலர் செலவு மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். கடிதம் எழுதினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வருகிறது. அவரைத் திரும்ப அழைக்கக் கோரும் இணைய மனு ஒன்றில் கையெழுத்திட்டு, அதை நடத்தும் அமைப்புக்கு மாதம் 25 டாலர் கொடுத்து வருகிறேன். உண்மையில் அவரைத் திரும்ப அழைக்க முடியுமா? எங்களைப் போல் நினைக்கும் சில குடும்பங்கள் இங்கே இருக்கிறோம். என் மனைவி கிரீன் கார்டிலும் தம்பி எச்-1பி விசாவிலும் இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முடியாது. காங்கிரஸ் உறுப்பினரை வாக்காளர்கள் பாதியில் திரும்ப அழைக்க அமெரிக்க அரசியல் சாசனத்தில் வழி இல்லை. இதுவரை ஒருவர்கூட அப்படிப் பதவி இழந்ததில்லை. 2003ல் கலிஃபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸ் திரும்ப அழைக்கப்பட்டதை வைத்துப் பலர் குழம்புகிறார்கள். அது மாநிலப் பதவி. மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. காங்கிரஸ் உறுப்பினரை நீக்கும் அதிகாரம் அவர் அமர்ந்திருக்கும் அவைக்கே உண்டு, அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2023 டிசம்பரில் ஜார்ஜ் சான்டோஸ் 311-114 என்ற கணக்கில் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். தேர்தல் வாக்குறுதியை மீறினார் என்பதற்காக எந்த அவையும் தன் உறுப்பினரை வெளியே அனுப்பாது.

ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட மனுவைப் பெற்றுக்கொள்ள வாஷிங்டனிலும் அலுவலகம் இல்லை, உங்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலும் இல்லை. அதனால் லாபம் அடைபவர் மனுவை நடத்துபவர்தான். உங்கள் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், எந்தச் செய்திக்கு உங்களுக்குக் கோபம் வரும் என்ற விவரம் ஆகிய அனைத்தும் அவருக்குக் கிடைத்துவிட்டன. இத்தகைய பட்டியல்கள் வாடகைக்கு விடப்படுகின்றன, விலைக்கும் போகின்றன. கையெழுத்திட்ட பிறகு நீங்கள் கேள்விப்பட்டிராத பெயர்களிலிருந்தெல்லாம் பணம் கேட்டுக் குறுஞ்செய்திகள் வந்திருக்கும். அவர்களுக்கு எண் கிடைத்த வழி இதுதான்.

முதல் வேலையாக அந்த 25 டாலரை நிறுத்துங்கள். நன்கொடைப் பக்கத்தில் 'இதை மாதாந்திர நன்கொடையாக்கு' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள்; எழுத்தும் பொடியாக இருக்கும். ஒருமுறை கொடுப்பதாக நினைத்து ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும் முதியவர்களை எனக்குத் தெரியும். ரத்துசெய்யும் இணைப்பு கிடைக்காவிட்டால் கிரெடிட் கார்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். 'இன்று நள்ளிரவுக்குள் கொடுத்தால் ஒரு டாலருக்கு ஐந்து டாலர் சேர்க்கப்படும்' என்ற அழைப்பையும் நம்பாதீர்கள். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் கொடுக்கக்கூடிய தொகைக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025-26 தேர்தல் காலத்துக்கு அது 3,500 டாலர். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான பேரின் நன்கொடையை ஐந்து மடங்காக்கும் அந்த வள்ளல் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2009ல் அரசுச் செலவை எதிர்த்து டீ பார்ட்டி இயக்கம் கிளம்பியபோது அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை அரசியல் பக்கமே வராத சாதாரண மக்கள். வங்கிகளை மீட்க 700 பில்லியன் டாலர் ஒதுக்கியதைத் தங்கள் கட்சிக்காரர்களே ஆதரித்தார்கள் என்பது அவர்களுடைய குறை. அந்த நேர்மையான கோபத்தில் தரகர் கூட்டம் ஒன்று குளிர்காய்ந்தது. 2013ல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் நின்ற கென் குச்சினெல்லியின் பெயரைச் சொல்லி 'கன்சர்வேட்டிவ் ஸ்டிரைக்ஃபோர்ஸ்' என்ற நிதிக் குழு (தேர்தலுக்காகப் பணம் திரட்டும் அமைப்பு) லட்சக்கணக்கில் திரட்டியது. அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ அற்பத்தொகை. அவரே வழக்குப் போட்டு, 2015ல் 85,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதன் பின்னணியில் இருந்த அரசியல் ஆலோசகர் இதே போன்ற நிதிக் குழு மோசடிகளுக்காக 2019ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இப்படித் தண்டனை கிடைப்பது எப்போதோ ஒருமுறைதான். இதே தொழிலைச் செய்யும் மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்துவிட்டால், திரட்டிய பணத்தில் பெரும்பகுதியைத் 'திரட்டும் செலவு' என்று எழுதுவதை இங்கே யாரும் தடுப்பதில்லை.

அந்தக் கணக்கை நீங்களே பார்க்கலாம். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டுங்கள், கட்டணம் இல்லை. வேட்பாளர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு, வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ நேரடியாகச் செலவழித்தது எவ்வளவு என்ற இரண்டு தொகைகளைப் பாருங்கள். பிறகு செலவுப் பட்டியலைத் திறந்து, பட்டியல் வாடகை, தொலைபேசி அழைப்பு, நிதி திரட்டும் ஆலோசனை என்ற பெயர்களில் எத்தனை வரிகள் இருக்கின்றன, பணம் ஒரே சில நிறுவனங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும். அமைப்பின் பெயரே அங்கே இல்லையென்றால், அதன் கணக்கு அங்கே வராத வகையில் பதிவு செய்திருக்கலாம். அப்போதும் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் உறுப்பினரின் வாக்கு. அவர் ஆதரித்தது 2024 மார்ச் 22, வெள்ளிக்கிழமை நடந்த வாக்கெடுப்பு. மசோதாவின் வாசகம் 1,012 பக்கம். அது வெளியானது முந்தைய நாள் விடிவதற்கு முன்; அதாவது ஒன்றரை நாள் அவகாசம்கூட இல்லை. மசோதாவைப் படிக்க 72 மணி நேரம் தர வேண்டும் என்று காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் விதி சொல்கிறது. அதைத் தாண்ட விதித் தளர்வு முறையில் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அந்த முறையில் விதிகளை ஒதுக்கிவைப்பதும் மசோதாவை நிறைவேற்றுவதும் ஒரே வாக்கு. அதற்கு விலையாக, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும்.

முடிவு 286-134. குடியரசுக் கட்சியினரில் 101 பேர் ஆதரவு, 112 பேர் எதிர்ப்பு. பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்: மொத்தம் 420 வாக்குகள், அதில் மூன்றில் இரண்டு பங்கு 280. ஆதரித்தவர்களில் ஏழு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் அன்று அந்த மசோதா விழுந்திருக்கும். 'என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப்போகிறது' என்று உங்கள் உறுப்பினர் சொல்ல முடியாத அரிதான வாக்கெடுப்பு இது. அவர் கட்சியின் பெரும்பான்மையே எதிர்த்ததால், கட்சி முடிவுக்குக் கட்டுப்பட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.

ஆனால் நீங்கள் 'ஏன் இவ்வளவு செலவு?' என்று எழுதினீர்கள் என ஊகிக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது. அத்தகைய கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசையில் நானும் உட்கார்ந்தவன். கல்லூரி முடித்துச் சில மாதமே ஆன ஒருவர், கடிதத்தின் பொருளைப் பார்த்து, 'செலவு' என்ற தலைப்பில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பத்தியை எடுத்து ஒட்டுவார்; மேலே உங்கள் பெயர், கீழே இயந்திரக் கையெழுத்து. உறுப்பினர் கண்ணிலேயே அது படாது. ஒட்டுவதற்குப் பத்தி கிடைக்காத கேள்வியைக் கேளுங்கள்: '1,012 பக்க மசோதாவுக்கு 72 மணி நேர விதியை ஒதுக்கிவைக்க மார்ச் 22 அன்று நீங்கள் ஏன் இசைந்தீர்கள்? இனி விதித் தளர்வு முறையில் செலவு மசோதா வந்தால் எதிர்ப்பீர்களா, ஆம் அல்லது இல்லை?' ஒரு கடிதத்தில் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். உங்கள் தொகுதி முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள்; அது இல்லாவிட்டால் கடிதம் தனியே ஒதுக்கப்படும். நாலைந்து குடும்பத்தினர் சேர்ந்து உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போய், அதே தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் தொகுதி மக்களோடு பேசும் தொலைபேசி வழி டவுன் ஹால் கூட்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதில் யார் கேள்வி கேட்பது என்பதை அவர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறார்கள்.

'நான் நல்ல மசோதா ஒன்றைக் கூட்டாக முன்மொழிந்திருக்கிறேன்' என்று அவர் பேச்சை மாற்றலாம். முன்மொழிவதால் அவருக்கு எந்தச் செலவும் இல்லை. மசோதா குழுவில் முடங்கிக்கிடந்தால் அதை அவைக்கு இழுத்துவர 218 உறுப்பினர் கையெழுத்திடும் மனு என்ற வழி இருக்கிறது. 1993 முதல் அதில் கையெழுத்திட்டவர்கள் பெயர் வெளிப்படையாக இருக்கிறது. நீங்கள் போட்ட இணைய மனுவைப் போன்றதல்ல, இது வேலை செய்யும் மனு. 'அதில் கையெழுத்திட்டீர்களா?' என்று கேளுங்கள்.

உண்மையான பிடி இருக்கும் இடம், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல். தொகுதி எல்லைகளை ஒரு கட்சிக்குச் சாதகமாகவே வரைந்து வைத்திருப்பதால் நவம்பர் தேர்தல் பல இடங்களில் வெறும் சடங்கு. இந்த அவலத்தைச் சரிசெய்ய இரண்டு கட்சிகளுக்குமே மனம் இல்லை. டெக்சாஸில் பிரைமரி இரட்டைப்படை ஆண்டின் மார்ச்சில் வரும். 2024ல் அது மார்ச் 5. அந்த வாக்கெடுப்பு நடந்தது பதினேழு நாள் கழித்து, பெரும்பாலான டெக்சாஸ் உறுப்பினர்கள் பிரைமரி வாக்காளரின் கையை விட்டு நழுவிய பிறகு. அதனால் அடுத்த பிரைமரி வரை இந்த வாக்கை மறக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

2014 ஜூனில் வர்ஜீனியாவின் ஏழாவது தொகுதியில் எரிக் கேன்டர் தோற்றார். பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் அவர். செலவழித்தது 50 லட்சம் டாலருக்கும் மேல். வென்ற டேவ் பிராட் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர். மொத்தம் பதிவானவை ஏறக்குறைய 65,000 வாக்குகள். அதற்கு ஒரு மாதம் முன்பே தொகுதிக் கட்சித் தலைவர் பதவியைக் கேன்டரின் ஆளிடமிருந்து உள்ளூர் ஆர்வலர்கள் பறித்திருந்தார்கள் என்பதைச் செய்தியாளர்கள் பலர் கவனிக்கவில்லை. உங்கள் டெக்சாஸிலேயே, மாநிலக் கட்சி 2023ல் கண்டனம் தெரிவித்த காங்கிரஸ் உறுப்பினர் டோனி கொன்சாலெஸ், 2024 மே மாதப் பிரைமரி இரண்டாம் சுற்றில் நானூறுக்கும் குறைவான வாக்குகளில்தான் தப்பினார். நாலு குடும்பம் என்ன செய்துவிட முடியும் என்று தயங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எதிர்த்து நிற்பவர் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2012ல் இண்டியானாவில் செனட்டர் ரிச்சர்ட் லூகரைப் பிரைமரியில் வீழ்த்தியவர் நவம்பரில் அந்த செனட் இடத்தையே ஜனநாயகக் கட்சியிடம் இழந்தார்.

நீங்கள் பிரிசிங்க்ட் தலைவர் பதவிக்கு நில்லுங்கள். உங்கள் வாக்குச்சாவடி வட்டத்துக்குக் கட்சியின் பொறுப்பாளர் அவர். சம்பளம் இல்லை, பல இடங்களில் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கட்சிக் குழு இவர்களால் ஆனதுதான். அந்தக் குழுவில் எழுந்து கேட்பவரின் கேள்வியை உறுப்பினரின் அலுவலகம் பத்தி ஒட்டி அனுப்பிவிட முடியாது. வேட்புமனு தாக்கல் செய்யக் கடைசி நாள், பிரைமரிக்கு முந்தைய டிசம்பரின் இரண்டாவது திங்கள்.

உங்கள் குடும்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் விலை பெரியது. மனைவி, தம்பி இருவருமே எந்தத் தேர்தலிலும், பிரைமரியிலும்கூட, வாக்களிக்கக் கூடாது. வாக்காளராகப் பதிவு செய்யவும் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலோ கடை வாசலிலோ யாராவது படிவத்தை நீட்டி 'சும்மா நிரப்புங்கள்' என்பார்கள். 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் விழும் ஒரு டிக், நாடு கடத்தும் அளவுக்குக் கொண்டுபோகக்கூடியது. குடியுரிமை விண்ணப்பத்திலும் இதை நேரடியாகக் கேட்கிறார்கள். தெரியாமல் செய்தேன் என்ற பதிலை நம்பி இறங்காதீர்கள்.

பணத்தில் இருவருக்கும் வேறு வேறு விதி. கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை கொடுக்கலாம். எச்-1பியில் இருப்பவர் கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. தம்பி உங்களிடம் பணம் தந்து நீங்கள் உங்கள் பெயரில் கட்டினாலும் குற்றம்தான்; இன்னொருவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம், அதில் நீங்களும் மாட்டுவீர்கள். தம்பி ஊதியம் வாங்காமல் துண்டறிக்கை கொடுக்கலாம், வீடு வீடாக வரலாம். பிரசாரப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கும் பேச்சில் மட்டும் அவர் இருக்கக் கூடாது. உறுப்பினருக்குக் கடிதம் எழுத இருவருக்கும் தடை இல்லை. தொகுதியில் குடியிருப்பவர் எவரும் எழுதலாம்.

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலில் இதையெல்லாம் போடாதீர்கள். சங்கம் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பாகப் பதிவாகியிருந்தால், ஒரு வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ அந்த விலக்குக்கே உலை வைக்கும். உங்கள் குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு குழு தொடங்கிக்கொள்ளுங்கள்.