பாடமாக்கிய ஐம்பது பதில்கள்

கேள்வி: ஹோட்டல் முகாமைத்துவத்தில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். வரவேற்பு மேசை வேலைக்கு மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் மூன்றிலும் தவறிவிட்டேன். இணையத்தில் எடுத்த ஐம்பது கேள்விகளுக்குப் பதில் பாடமாக்கித்தான் போனேன். கடைசியாக நிலாவெளியில், 'சீசன் இல்லாத மாதங்களில் அறைகளை நிரப்ப என்ன செய்யலாம்?' என்று கேட்டார்கள். வாயடைத்துப் போய்விட்டேன். இப்போதைக்கு மாமாவின் படகில் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றிவிட்டுப் பொழுதைப் போக்குகிறேன். இரண்டு கிழமையில் இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. இன்னும் எத்தனை கேள்விகளைப் பாடமாக்க வேண்டும்?
- வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஒன்றுகூட வேண்டாம், தம்பி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'பொழுதைப் போக்குகிறேன்' என்ற சொல். அதை நேர்முகத் தேர்வில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். டிப்ளோமாவைச் சொல்லியிருப்பீர்கள், 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்' என்று ஒப்புவித்திருப்பீர்கள். அதே வரியை உங்களுக்கு முன் வந்தவரும் சொல்லியிருப்பார், பின்னால் வந்தவரும் சொல்லியிருப்பார்.

படகில் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரருக்கும் கண்டியிலிருந்து வந்த குடும்பத்துக்கும் நுழைவுக் கட்டணம் ஏன் வேறு என்று விளக்குகிறீர்கள். பவளப் பாறையில் கால் வைக்காதீர்கள் என்று மனம் நோகாமல் சொல்கிறீர்கள். ஒரு நாளாவது கடல் எழும்பிச் சவாரி நின்றிருக்கும். காசு கட்டியவர்கள் மாமாவிடம் போய்க் கத்தியிருக்க மாட்டார்கள், உங்களிடம்தான் கத்தியிருப்பார்கள். அன்று என்ன சொல்லி அவர்களை ஆற்றினீர்கள்? வரவேற்பு மேசை வேலையில் பாதி இதுதானே: தான் செய்யாத பிழைக்கு முன்னால் நின்று பதில் சொல்வது.

அந்தச் சீசன் கேள்விக்கும் விடை உங்களிடமே இருந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தெற்கிலும் மேற்கிலும் கடலைக் குழப்ப, ஆட்கள் நம் கிழக்குக் கரைப் பக்கம் வருகிறார்கள். ஐப்பசி பிறந்தால் வடகீழ்க் காற்று. உங்கள் மாமா படகைக் கரையேற்றிவிடுவார். கடலைக் காட்டி ஆள் பிடிக்க முடியாத மாதங்களில் கோணேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், கன்னியா வெந்நீரூற்றுக்கு வரும் குடும்பங்கள் இருக்கின்றன, கூட்டம் நடத்த மண்டபம் தேடும் அலுவலகங்கள் இருக்கின்றன. இதை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து வருகிற பிள்ளை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். பாடமாக்கியதில் அந்தக் கேள்வி இல்லாததால் உங்களுக்குத் தெரிந்ததும் தெரியாததாகிவிட்டது.

எங்கள் இதழுக்கு ஒருமுறை மெய்ப்புப் பார்க்க ஆள் எடுத்தோம். மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி வந்தார், முன் அனுபவம் கிடையாது. 'பொறுமையாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்' என்றேன். அம்மாவின் கடையில் கடன் கொப்பி எழுதுவாராம். ஒரு மாதம் கணக்கில் 600 ரூபாய் குறைந்திருக்கிறது. இரவு பத்து மணிவரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்து, 750 என்பதை 150 என்று எழுதியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தாராம். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நல்ல நிறுவனங்களில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் திரட்டி 1998இல் எழுதினார்கள்: வாய்க்கு வந்ததைக் கேட்பதைவிட இப்படி ஒழுங்காகக் கேட்பதே ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். ஆகவே உங்களுக்கு நடந்ததை நீங்கள் சொன்னால்தான் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

இந்த இரண்டு கிழமையில் அந்த ஐம்பது பதில்களை மூடிவைத்துவிட்டு, படகில் நடந்த ஆறேழு சம்பவங்களை எழுதுங்கள். என்ன நடந்தது, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று. 'நாங்கள்' என்று மழுப்பாமல் 'நான்' என்று எழுதுங்கள். அப்புறம் அவற்றை வீட்டில் பெரியம்மாவிடமோ சித்தியிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். அவர் 'பிறகு என்ன நடந்தது?' என்று கேட்டால் சரி. அடுப்படிக்கு எழுந்து போனால் சுருக்குங்கள். ஒரே சம்பவம் மூன்று நான்கு கேள்விகளுக்குப் பொருந்தும், அதை அங்கே நீங்களே காண்பீர்கள்.

மொழியைக் கேட்பார்கள். திருகோணமலையில் கேட்காமல் விடமாட்டார்கள். 'மூன்று மொழியும் சரளம்' என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்த கேள்வியே சிங்களத்தில் வரும். 'விலை, வழி, நேரம் சிங்களத்தில் சொல்வேன், முறைப்பாடு வந்தால் தடுமாறுவேன், படித்துக்கொண்டிருக்கிறேன்' என்றால் நம்புவார்கள். உடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுத்தமாக இருந்தால் போதும்.

நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் அந்த ஹோட்டலுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். மேசையில் நிற்பவர் வந்தவரை எப்படி அழைக்கிறார், எந்த மொழியில் தொடங்குகிறார் என்று பாருங்கள். கடைசியில் 'நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். 'சீசன் முடிந்த பிறகும் இந்த வேலை இருக்குமா?' என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கேள்வி.