ஃபூக்ஸ் கருவிழி நோய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் பலன் உண்டா?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை டப்பா பாதி தீராமல் கிடக்கிறது. அம்மாவுக்கு ஃபூக்ஸ் என்று தெரிந்ததும் சித்தப்பா வாங்கி வந்தது. அதனால் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையால் இந்த நோய் குறையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் "ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு.

அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் சுவர் காலண்டரில் தேதி தெரியாது. பத்து மணிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடும். நாங்கள் புரை என்றே நினைத்தோம். ஆனால் கோளாறு கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான பகுதியில். அதன் உட்புறத்தில் எண்டோதீலியம் என்று ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் கசியும் நீரை இவை ராப்பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பு குறைந்தால் கருவிழி நீர் கோத்து மங்கும். தூங்கும்போது இமை மூடியிருப்பதால் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகாது. அதனால்தான் காலையில் மோசம். வியன்னாவின் கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1910-லேயே இந்த நோயை விவரித்துவிட்டார்.

வம்பு என்னவென்றால், மனிதக் கண்ணுக்குள் இந்தச் செல்கள் பெருகுவதில்லை. போனது போனதுதான். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2500 இருக்கும். இவற்றுக்கு ஓய்வே இல்லை, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஏராளம், போதாததற்கு வெயிலின் புற ஊதா வேறு. இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரியான கழிவுகள் சேரத்தானே செய்யும்? அதை அங்கேயே நீராக உடைத்துத் தள்ளுவதற்குச் செல்லே தயாரித்துக்கொள்ளும் புரதம்தான் பெராக்சிரெடாக்சின், அதாவது செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட்.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஊலா யுர்குனாஸ் என்ற கண் மருத்துவரின் குழு, மாற்று அறுவையில் எடுத்த ஃபூக்ஸ் நோயாளிகளின் கருவிழித் திசுவை நல்ல திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெராக்சிரெடாக்சின் குறைந்திருந்ததை 2008-ல் வெளியிட்டார்கள். பிறகு பார்த்தால் அது ஒன்று மட்டும் இல்லை. இப்படிப்பட்ட பல காவல் புரதங்களைத் தேவைப்படும்போது தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடும் என்ஆர்எஃப்-2 என்ற புரதமே சரியாக வேலை செய்யவில்லை. செல்களின் டிஎன்ஏ-விலும் இந்தக் கழிவுகளால் வரும் ஆக்சிஜனேற்றச் சேதம் தெரிந்தது. 2020-ல் அதே குழு எலிகளின் கண்ணில் புற ஊதா-ஏ ஒளியைப் பாய்ச்சியபோது இந்த நோயின் அடையாளங்கள் உருவாயின, பெண் எலிகளுக்கு அதிகமாக. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சிதைந்து வரும் பொருள்கள் டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொள்கின்றனவாம். மனிதர்களிலும் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். அதில் இருப்பது வைட்டமின் சி, ஈ, துத்தநாகம். குறைந்திருப்பதோ செல்லே செய்துகொள்ள வேண்டிய புரதம். சமையல்காரர் எழுந்து வராத வீட்டில் மளிகையைக் கொண்டுபோய்க் குவித்து என்ன பயன்? கண்ணுக்கு நல்லது என்று அந்த டப்பாக்களை விற்பதற்குக் காட்டும் பெரிய ஆய்வு 2001-ல் வந்த ஏரெட்ஸ். அது விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவின் சிதைவைப் பற்றியது, கருவிழியைப் பற்றியது இல்லை. இது தெரியாமல் நாங்களும் மூன்று மாதம் காசைக் கொட்டினோம்.

ப்ரோக்கோலி, முட்டைகோஸ் வகையறாவிலிருந்து கிடைக்கும் சல்ஃபோரஃபேன் என்ற பொருள் என்ஆர்எஃப்-2-ஐத் தூண்டுகிறது. ஆய்வகத்தில் நோயாளிகளின் கருவிழித் திசுவில் அதைச் சேர்த்தபோது செல் சாவது குறைந்தது. நடந்தது கிண்ணத்தில், வயிற்றில் இல்லை. இருந்தும் நான் வாரம் மூன்று நாள் கோஸ் பொரியல் செய்து பார்த்தேன். அம்மாவுக்கு வாயுத் தொல்லைதான் மிச்சம்.

அம்மாவுக்கு டாக்டர் எழுதியது 5 சதவீத உப்புச் சொட்டு மருந்து. காலையில் ஹேர் ட்ரையரைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, சூடு ஏறாமல் லேசாகக் காற்று காட்டலாம் என்றார். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் போடச் சொன்னார். புரை அறுவை வரும்போது செல் எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் முடிவு, ஏனென்றால் அந்த அறுவையிலும் கொஞ்சம் செல்கள் போகும். ஃபூக்ஸ் முற்றினால் டிமெக் என்ற அறுவை, அதாவது தானமாக வந்த கண்ணிலிருந்து அந்த உள் அடுக்கை மட்டும் எடுத்து வைப்பது. ஜப்பானில் கியோட்டோ குழு வளர்த்த செல்களையே ஊசியில் செலுத்தி, 11 பேருக்குச் செய்ததை 2018-ல் வெளியிட்டது.

சித்தப்பா அடுத்த வாரம் வருகிறார். டப்பாவை அதற்குள் எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் இப்போது அம்மாவின் கவலை.